ஸ்பீக்கர் என்ன தோசைக்கல்லா, பழக்குறதுக்கு?

முன்குறிப்பு: ஆடியோ ரசிகர்கள் கல்லெறிவதாக இருந்தால் கடைசி வரை படித்துவிட்டு எறியவும். கற்கள் சமமான எடையில் இருந்தால் நல்லது. எது விலை உயர்ந்த கல் என்று எனக்குத் தெரியாமல் எறிந்தால் இன்னும் நல்லது :-)

புது இரும்பு தோசைக்கல் வாங்கினால் பழக்க வேண்டும். எண்ணெய் தடவி, வெங்காயத்தால் தேய்த்து, முதல் நாலு தோசையைப் பிய்த்துப் போட்டால்தான் ஐந்தாவது தோசை முழுதாக வரும். புது கிரைண்டரில் முதல் தடவை ஆட்டியதைக் கீழே கொட்ட வேண்டும், கல் தூள் வரும். புது பைக்கை முதல் சில நூறு கிலோமீட்டருக்கு முறுக்கக் கூடாது. நம்ம ஊரில் எதையும் பழக்கித்தான் பழக்கம். அதனால்தான் ஆடியோ கடைக்காரர் "200 மணி நேரம் ஓடட்டும் சார், அப்புறம் பாருங்க சவுண்டு எப்படித் திறக்குதுன்னு" என்று சொல்லும்போது நாமும் தலையாட்டிவிட்டு வருகிறோம். மறுகேள்வி கேட்கத் தோன்றுவதே இல்லை.

ஆடியோ வியாபாரத்தில் சொல்லப்படும் அத்தனை கதைகளிலும் அதிகக் கெடுதல் செய்வது இந்த "ரன்னிங் இன்" கதைதான் என்பது என் கட்சி. ஒரு மீட்டர் ஒயருக்கு ஐந்தாயிரம் ரூபாய் என்பது வெறும் வீண்செலவு, காசு இருப்பவன் செய்துவிட்டுப் போகட்டும். பழக்கும் கதை வாங்கியவனின் உரிமையையே பிடுங்குகிறது. எப்படி என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் இதில் எவ்வளவு நிஜம் என்று நியாயமாகவே பார்த்துவிடலாம். ஸ்பீக்கரின் கோனை இரண்டு இடத்தில் பிடித்து நிறுத்தியிருக்கிறார்கள். வெளி ஓரத்தில் ரப்பர் அல்லது ஃபோம் வளையம். உள்ளே, காந்தத்துக்கு மேலே, அலை அலையாக மடிப்பு வைத்த ஒரு துணி. அதற்கு ஸ்பைடர் என்று பெயர். பிசின் ஏற்றி விறைப்பாக்கிய துணி அது. புதிதாக இருக்கும்போது கொஞ்சம் இறுக்கமாக இருக்கும், நாலைந்து தடவை பலமாக அசைந்ததும் தளரும். கஞ்சி போட்ட புது வேட்டி மாதிரி. இது உண்மை, அளந்து பார்க்கலாம், அளந்தும் இருக்கிறார்கள். கோனின் இயல்பு அதிர்வெண் சில ஹெர்ட்ஸ் கீழே இறங்கும்.

ஆனால் இரண்டு விஷயத்தைக் கடைக்காரர் சொல்வதில்லை. ஒன்று, இந்தத் தளர்ச்சியில் பெரும்பங்கு முதல் சில நிமிடங்களிலேயே நடந்துவிடுகிறது. பெட்டியில் மாட்டி அனுப்புமுன் தொழிற்சாலையில் ஸ்பீக்கருக்கு ஸ்வீப் கொடுத்துச் சோதிக்கும்போதே ஒரு பங்கு முடிந்துவிடும். 200 மணி நேரம் என்பதற்கு அந்தத் துணியில் எந்த வேலையும் மிச்சமில்லை. இரண்டு, ஸ்பைடர் தளர்ந்தால் ஒரு எண் மட்டும் மாறுவதில்லை. ஆஸ்திரேலியாவின் நெவில் தீல் 1961ல் தொடங்கி, ரிச்சர்ட் ஸ்மால் 70களில் விரித்து எழுதிய கணக்கு ஒன்று இருக்கிறது. இன்று உலகத்தில் ஸ்பீக்கர் பெட்டி செய்கிற எவரும் அந்தக் கணக்கைத்தான் போடுகிறார்கள். அதன்படி இயல்பு அதிர்வெண் இறங்கும்போது கூடவே மற்ற எண்களும் சேர்ந்து நகர்ந்து, பெட்டிக்குள் வைத்தபின் வரும் பேஸ் அனேகமாக முன்பு இருந்த இடத்திலேயே நிற்கிறது. மூடிய பெட்டி என்றால் உள்ளே அடைபட்ட காற்றே பெரிய ஸ்பிரிங். துணியின் பங்கு இன்னும் குறைவு.

இயர்போன்காரர்களுக்கு: ஷூர் நிறுவனம் 1997ல் வெளியிட்ட இ1 மாடலை, நன்றாக அடிபட்டுத் தேய்ந்த பழைய ஜோடிகளை எடுத்து அளந்து பார்த்திருக்கிறது. புதிதாக வந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே இருந்தன. இயர்போன் விற்கிற கம்பெனியே சொல்கிறது!

கிராமஃபோன் தட்டு ஓட்டுபவர்களின் கார்ட்ரிட்ஜுக்கு மட்டும் கொஞ்சம் சலுகை தரலாம், அதில் ஊசியைத் தாங்கும் ரப்பர் துணுக்கு நிஜமாகவே கொஞ்ச நேரம் ஓடினால் இளகும். ஆம்ப்ளிஃபயர் சூடாகி நிலைக்கு வர அரை மணி ஆகலாம், ஆனால் அது ஒவ்வொரு நாளும் சுவிட்ச் போடும்போது நடப்பது. ஒயருக்கு எதுவுமே இல்லை. செம்புக் கம்பிக்குள் போய்ப் பழகிக்கொள்ள என்ன இருக்கிறது? எலக்ட்ரானுக்கு வழி தெரியாமலா போய்விடும்?

இன்னொரு சின்ன சந்தேகம். பழகப் பழக சவுண்டு ஏன் எப்போதும் நல்லதாகவே மாறுகிறது? ஒரு இயந்திரம் தளர்ந்தால் ஐம்பது பேரில் ஐந்து பேருக்காவது மோசமாக வேண்டுமே? "அண்ணே, வாங்கினப்போ அருமையா இருந்துச்சு, 200 மணி நேரம் ஓட்டினதும் நாசமாப் போச்சு" என்று ஒருத்தராவது புலம்பி யாராவது கேட்டதுண்டா? வருஷக்கணக்கில் ஸ்பீக்கர் நிஜமாக மாறுகிற திசை வேறு. சென்னை மாதிரி ஈரக்காற்று ஊரில் பத்துப் பதினைந்து வருடத்தில் ஃபோம் வளையம் விரலால் தொட்டாலே பொலபொலவென்று உதிரும். கெப்பாசிட்டர் காய்ந்து போகும். அதாவது காலம் ஆடியோ சாமான்களைப் பழக்குவதில்லை, பழசாக்குகிறது.

அப்படியென்றால் 200 மணி நேரம் கழித்து "திறந்துடுச்சு" என்று சொல்கிறவர்கள் எல்லாம் பொய் சொல்கிறார்களா? இல்லை. அவர்களுக்கு மாற்றம் நிஜமாகவே கேட்கிறது. மாறியது அவர்கள். புது வீட்டுக்குக் குடிபோன முதல் வாரம் ரயில் சத்தம் தூங்கவிடாது, மூன்றாவது மாதம் ரயில் ஓடுவதே தெரியாது. தண்டவாளமா பழகியது? ஒன்றையே திரும்பத் திரும்ப எதிர்கொண்டால் அது பிடித்துப்போகும் என்று ராபர்ட் சயான்ஸ் என்ற உளவியலாளர் 1968லேயே சோதித்து எழுதிவிட்டார். எஃப்.எம். ரேடியோக்காரர்களுக்கும் இது தெரியும். முதலில் கேட்டபோது "என்ன பாட்டுய்யா இது" என்று இருந்தது நாற்பதாவது தடவை உதட்டில் வந்து உட்காரும் :-)

போதாக்குறைக்கு ஒலியின் நுணுக்கம் நினைவில் நிற்பது சில வினாடிதான். மூன்று மாதத்துக்கு முன்னால் கேட்ட சிம்பல் ஒலியையும் இன்றைக்குக் கேட்பதையும் மனசுக்குள் வைத்து ஒப்பிடுகிறேன் என்பது, போன தீபாவளிக்குச் சாப்பிட்ட மைசூர்பாக்கில் எத்தனை கிராம் நெய் இருந்தது என்று சொல்வதற்குச் சமம்.

இப்போது நான் படிக்கிற படிப்புக்கு வருகிறேன். பி.காம். என்றாலே டெபிட் கிரெடிட் என்று நினைப்பவர்களுக்கு: எங்களுக்கு வணிகச் சட்டம் என்று ஒரு பேப்பர் உண்டு. அதில் சரக்கு விற்பனைச் சட்டம், 1930. பரீட்சைக்கு மனப்பாடம் செய்து மறுநாள் மறந்துவிடுகிற சமாசாரம்தான். ஆனால் அதன் 42ஆம் பிரிவைப் படித்தபோது எனக்கு ஆடியோ கடைதான் ஞாபகம் வந்தது. வாங்கியவர் சரக்கை ஏற்றுக்கொண்டதாக எப்போது கருதப்படும்? நியாயமான காலம் கடந்த பிறகும், "எனக்கு இது வேண்டாம்" என்று விற்றவருக்குத் தெரிவிக்காமல் வைத்துக்கொண்டிருந்தால், ஏற்றுக்கொண்டதாகவே கருதப்படும். ஏற்றுக்கொண்டுவிட்டால்? 13ஆம் பிரிவு. அதன்பின் பொதுவாகச் சரக்கைத் திருப்பித் தள்ள முடியாது, நஷ்ட ஈடு மட்டும் கேட்கலாம்.

இதை வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். வேலைக்குப் போகிறவர் ஒரு நாளைக்கு எவ்வளவு பாட்டுக் கேட்பார்? இரண்டு மணி நேரம் என்றால் அதிகம். 200 மணி நேரத்துக்கு 100 நாள். சில பேர் 500 மணி நேரம் என்கிறார்கள், அது 250 நாள். திருப்பிக் கொடுக்கும் கெடு 10 நாள் என்று வைத்துக்கொண்டால், அதற்குள் 200 மணி நேரத்தை முடிக்க ஒரு நாளைக்கு 20 மணி நேரம் ஓட்ட வேண்டும். மீதி 4 மணி நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரரிடம் மன்னிப்புக் கேட்கலாம்.

புரிகிறதா? "பழகட்டும் சார்" என்பது தொழில்நுட்ப ஆலோசனையே இல்லை. கெடு முடியும்வரை உங்களை வாய்மூடி வைத்திருக்கும் உத்தி. சொல்பவர் கெட்ட எண்ணத்தோடு சொல்கிறார் என்றுகூட நான் சொல்லவில்லை. பல கடைக்காரர்கள் அதை மனதார நம்புகிறார்கள். நம்பி ஏமாற்றினாலும் காசு போவது நமக்குத்தான்.

இது ஏட்டுக் கணக்கு மட்டுமில்லை. என் சித்தப்பா மகன், திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். தீபாவளி போனஸோடு இரண்டு வருடச் சேமிப்பையும் சேர்த்து 68,000 ரூபாய்க்கு ஒரு ஜோடி புக்ஷெல்ஃப் ஸ்பீக்கரும் ஒரு ஆம்ப்ளிஃபயரும் வாங்கினார். கடையின் பெயர் வேண்டாம். வந்த முதல் நாளே சத்தம் ஒரு பக்கம் கம்பளி போர்த்தினாற்போல் இருந்தது. போன் செய்தார். "மேல் சவுண்டு திறக்க நாளாகும், 200 மணி நேரம் ஓட்டுங்க." இரண்டாவது வாரம் மறுபடி போன். "எவ்வளவு ஓடியிருக்கு? 30 மணி நேரமா? அட, இன்னும் பொறுங்க சார்." ஒரு மாதம் கழித்து, "ஒயரை மாத்திப் பாருங்க, இந்த சிஸ்டத்துக்கு இந்த ஒயர் பத்தாது." 6,500 ரூபாய்க்கு ஒயர். அதுவும் பழக வேண்டுமாம்!

பொங்கல் கழித்து நான் போயிருந்தபோது இடது வலது ஒயர்களை ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கத்தில் இடம் மாற்றிச் செருகினேன். மங்கல் இடம் மாறவில்லை, அதே இடது ஸ்பீக்கரிலேயே இருந்தது. அப்படியென்றால் கோளாறு ஆம்ப்ளிஃபயரில் இல்லை. பிறகு ஒயரை அப்படியே விட்டு, ஸ்பீக்கர்கள் இரண்டையும் இடம் மாற்றி வைத்தோம். மங்கலும் கூடவே வலது பக்கம் போனது. அறையும் இல்லை, ஒயரும் இல்லை. அந்த ஸ்பீக்கரின் ட்வீட்டரில் காதை வைத்தால் கப்சிப். செத்த ட்வீட்டர். பெட்டியில் இருந்து எடுத்த அன்றே செத்திருந்தது. இதைக் கண்டுபிடிக்க மொத்தம் பத்து நிமிஷம், செலவு பூஜ்யம்.

கடை என்ன சொன்னது? "மாத்தித் தர்ற கெடு முடிஞ்சுபோச்சு சார், வாரண்டில சர்வீசுக்கு அனுப்புங்க, ஆறு வாரம் ஆகும்." 68,000 ரூபாய் கொடுத்தவர் மூன்று மாதமாகச் செத்த ட்வீட்டரைப் பழக்கிக்கொண்டிருந்தார். அதைவிடக் கொடுமை, நடுவில் ஒரு நாள் என்னிடமே "இப்போ கொஞ்சம் தேவலை தெரியுமா" என்று சொல்லியிருந்தார். செத்த ட்வீட்டர்கூடத் திறக்குமென்றால் மனசின் சக்தியை என்னவென்பது.

"நீ சின்னப் பையன், நல்ல சிஸ்டம் கேட்டதில்லை, உனக்குக் காது பத்தாது" என்பார்கள். காது விஷயத்தில் என் வயதுக்கு நான் பதில் சொல்ல வேண்டியதில்லை. மேல் அதிர்வெண்கள் வயதோடு உதிர்வது எல்லாருக்கும் நடப்பது, அறுபது வயதுக்காரருக்குக் கேட்காதது இருபது வயதுக்காரனுக்குக் கேட்கும். ஆனால் என் காதையும் நம்ப வேண்டாம், உங்கள் காதையும் நம்ப வேண்டாம். கண்ணை மூடிவிட்டுக் கேட்கலாமே?

கேட்டிருக்கிறார்கள். 1994ல் ஃபிளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் ஹார்மன் நிறுவன ஊழியர்கள் 40 பேரை உட்காரவைத்து நாலு ஸ்பீக்கர்களுக்கு மதிப்பெண் போடச் சொன்னார்கள். திரைக்குப் பின்னால் வைத்து ஒரு தடவை, கண்ணுக்குத் தெரியும்படி ஒரு தடவை. கண்ணால் பார்த்ததும் பெரிய, பளபளப்பான பெட்டிகளுக்கு மதிப்பெண் ஏறியது, சின்னப் பெட்டிக்கு இறங்கியது. இவர்கள் ஸ்பீக்கர் கம்பெனியிலேயே வேலை பார்ப்பவர்கள். 2007ல் மேயர், மோரன் என்று இரண்டு பேர் உயர் துல்லிய டிஸ்க்கையும், அதையே சாதாரண சி.டி. தரத்துக்கு இறக்கியதையும் மாற்றி மாற்றிப் போட்டு எது எது என்று கேட்டார்கள். 554 முறை கேட்டதில் 276 முறை சரி. காசைச் சுண்டிப் போட்டாலும் அவ்வளவுதான் வரும். அதே ஆண்டு 7,250 டாலர் விலையுள்ள ஒரு ஜோடி ஒயரைச் சாதாரண ஒயரிலிருந்து காதால் பிரித்துக் காட்டினால் 10 லட்சம் டாலர் என்று ஜேம்ஸ் ராண்டி சவால் விட்டார். ஒயர் கம்பெனி பின்வாங்கிவிட்டது.

எனக்கு மிகவும் பிடித்தது 2022ல் நடந்தது. அமெரிக்காவின் மொபைல் ஃபிடெலிட்டி என்ற இசைத்தட்டு நிறுவனம். மூல டேப்பிலிருந்து நேராகத் தட்டு, நடுவில் டிஜிட்டல் கலப்பே இல்லை என்று ரசிகர்கள் கொண்டாடி, 100 டாலருக்குமேல் கொடுத்து வாங்கினார்கள். டிஜிட்டல் கலந்தால் காதில் ஊசி குத்தினாற்போல் தெரிந்துவிடும் என்பவர்கள்தான் அதன் வாடிக்கையாளர்கள். மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்' 40,000 பிரதி போடப்போவதாக அறிவித்தார்கள். ஒரே மூல டேப்பை வைத்து எப்படி அத்தனை தட்டு என்று சந்தேகம் வந்து, கேட்கப்போய், 2011 முதலே பல தட்டுகளில் டிஜிட்டல் கட்டம் இருந்தது வெளியே வந்தது. பத்து வருடத்துக்கு மேல் ஒரு தங்கக் காதுக்கும் தெரியவில்லை! கணக்குதான் காட்டிக்கொடுத்தது, காது இல்லை. ஒரு காமர்ஸ் மாணவனாக இதில் எனக்கு இருக்கும் அற்ப சந்தோஷத்தை மன்னிக்க வேண்டும். ஆனால் அந்தத் தட்டுகளின் சவுண்டு நன்றாகத்தான் இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

சரி, அப்கிரேடே கூடாதா என்றால், தாராளமாகச் செய்யுங்கள். எங்கே செய்வது என்பதுதான் கேள்வி. ஆடியோ கடையில் படிக்கட்டு ஒன்று வைத்திருக்கிறார்கள்: முதலில் ஸ்பீக்கர், பிறகு அதற்கு ஆம்ப்ளிஃபயர் பத்தாது, பிறகு டி.ஏ.சி., பிறகு ஒயர், பிறகு பவர் கார்டு. அந்தப் பவர் கார்டு சங்கதி தனி நகைச்சுவை. நெய்வேலியில் இருந்தோ மேட்டூரில் இருந்தோ அலுமினியக் கம்பியில் ஊர் ஊராகத் தொங்கி, தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரில் இறங்கி, வீட்டு ஃபியூஸ் கேரியரில் ஒட்டுப்போட்டு வருகிற கரண்டு, கடைசி ஒன்றரை மீட்டரில் புனிதமாகிவிடுகிறதாம். ஸ்பீக்கர் ஒயருக்கு, வீட்டு வயரிங்குக்கு எலெக்ட்ரீஷியன் வாங்கும் 2.5 ஸ்கொயர் எம்.எம். செம்பு ஒயரே போதும். 5 மீட்டருக்குப் போக வர மொத்தத் தடை 0.07 ஓம். 8 ஓம் ஸ்பீக்கருக்கு முன் அது ஒரு சதவீதம்கூட இல்லை.

அந்தப் படிக்கட்டில் அறை என்ற படியே கிடையாது, ஏனென்றால் கடையில் அறை விற்பதில்லை. நம் வீடுகளில் ஹால் என்பது நாலு பக்கம் செங்கல் சுவர், கீழே டைல்ஸ், மேலே காங்கிரீட். 12க்கு 10 அடி அறை என்றால் சுவருக்குச் சுவர் முட்டித் திரும்பும் ஒலி 47, 57 ஹெர்ட்ஸ் பக்கம் குவிந்து நிற்கும். ராஜா பாட்டில் பேஸ் கிட்டார் ஓடும்போது ஒரு சுரம் மட்டும் குடம் மாதிரி முழங்கி அடுத்த சுரம் காணாமல் போகிறதா? ஸ்பீக்கர் பழகாததால் இல்லை, அறை அப்படி. உயரமும் 10 அடி என்றால் 57க்கு இரட்டைக் குத்து. ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து இரண்டடி முன்னால் இழுங்கள், மூலையை விட்டு விலக்குங்கள், நீங்கள் உட்காரும் நாற்காலியைப் பின்சுவரிலிருந்து நகர்த்துங்கள். கனத்த திரைச்சீலை ஒன்று, தரையில் ஜமக்காளம், மூலையில் சுருட்டிய பஞ்சு மெத்தை (திரையும் ஜமக்காளமும் கணீரைக் குறைக்கும், பேஸுக்கு அவ்வளவாக உதவாது, அதற்கு இடம் மாற்றுவதுதான் வழி). இதில் வரும் மாற்றம் கண்ணைக் கட்டிவிட்டாலும் கேட்கும்.

இதொன்றும் புதுக் கண்டுபிடிப்பில்லை. 1895ல் ஹார்வர்டில் ஒரு புது விரிவுரை அரங்கில் பேசினால் எதுவும் புரியவில்லை, ஒரு சொல் 5 வினாடிக்கு மேல் எதிரொலித்தது. சரிசெய்யச் சொல்லி இளம் பேராசிரியர் வாலஸ் சபைனிடம் ஒப்படைத்தார்கள். அவர் பக்கத்து நாடக அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவோடு இரவாகச் சுமந்து வந்து, எத்தனை மெத்தைக்கு எத்தனை வினாடி குறைகிறது என்று அளந்து, விடிவதற்குள் திருப்பிக் கொண்டுபோய் வைத்தார். அறை ஒலியியல் என்ற படிப்பே அங்கே ஆரம்பித்தது. மெத்தையில்!

இப்போது கையில் புது ஸ்பீக்கரோடு இருப்பவர்களுக்கு. வந்த அன்றே மேலே சொன்ன இடமாற்றுச் சோதனையைச் செய்யுங்கள். குறை இருந்தால் அன்றே எழுத்தில் அனுப்புங்கள். போனில் பேசினால் சாட்சி இல்லை. மெயிலோ வாட்ஸப்போ, தேதி தெரிய வேண்டும். "ஓடட்டும்" என்று பதில் வந்தால் அதையும் எழுத்தில் வாங்கி, "அதுவரை நான் இதை ஏற்றுக்கொண்டதாக ஆகாது" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். கடை மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம், 5 லட்சம் ரூபாய் வரையிலான சரக்குக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. அண்ணனுக்கு நோட்டீஸ் எழுதிக் கொடுத்திருக்கிறேன், அந்த 6,500 ரூபாய் ஒயரையும் சேர்த்து.

ரன்னிங் இன் உண்மைதான் என்று இன்னமும் சொல்கிற கடைக்காரர்களுக்கு ஒரு யோசனை. ஒரே மாடலில் ஒரு ஜோடி எடுங்கள். ஒன்றை மட்டும் 200 மணி நேரம் ஓட்டுங்கள், மற்றதைப் பெட்டியைப் பிரிக்காமல் வையுங்கள். பிறகு இரண்டையும் திரைக்குப் பின்னால் வைத்து, சத்தத்தைச் சமமாக வைத்து, உங்கள் கடையிலேயே காது கூர்மையான ஆளை உட்காரவைத்து 20 தடவை கேளுங்கள், எது பழகியது, எது புதுசு என்று. எந்த ஊராக இருந்தாலும் பஸ் சார்ஜ் போட்டு நானே வருகிறேன். திரைச்சீலையும் என் செலவு.